அப்பாவின் தோள் மறைத்த எண்

கேள்வி: ஐயா, நான் காரைக்குடியில் இருக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. என் அப்பா இந்திய விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். "ஸ்பிட்ஃபயர்ல வேலை பார்த்தேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது அவரிடமிருந்து. கேட்டால், "என்ஜினைத் துடைச்சேன், வேறென்ன" என்பார். ஒரு ஸ்க்ரூவைக் கையில் கொடுத்தால் முதலில் கட்டை விரலால் மரையைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் ஒன்றுதான் வேலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன மாதம் என் பேரனுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு, "கொள்ளுத்தாத்தா விமானம்டா" என்று சொல்லி என் மகன் ஒரு மாடல் கிட் வாங்கித் தந்தான். ஏர்ஃபிக்ஸ் கம்பெனி, ஸ்பிட்ஃபயர் மார்க் 1ஏ, 1/72 அளவு. பெயிண்ட், பிரஷ், கோந்து எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. கோந்து காய சோம்பல்படுகிறது என்று பயல் ஃபெவிக்விக்கை எடுத்து ஒட்டிவிட்டான். விமானி உட்காரும் இடத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மூடி மறுநாள் பார்த்தால் கண்புரை விழுந்தது போல வெளுத்துக் கிடக்கிறது. இடது இறக்கை ஒரு பக்கம் தொங்குகிறது, உடம்போடு சேருமிடத்தில் விரிசல் வேறு. இனி தேறுமா?

அப்பாவின் பழைய ஃபோட்டோ ஒன்று இருக்கிறது. பின்னால் பென்சிலில் "அம்பாலா, 1949" என்று அவர் கையெழுத்து. விமானத்தின் வால் பக்கம் கைகட்டி நிற்கிறார். காற்றாடிக்கு ஐந்து இதழ்கள், எண்ணிப் பார்த்துவிட்டேன். பெட்டி மேல் இருக்கும் படத்தில் மூன்றுதான் இருக்கிறது. ஃபோட்டோவில் கண்ணாடி மூடி நீர்த்துளி மாதிரி முழுக்கக் கண்ணாடி. பெட்டிப் படத்தில் அதற்குப் பின்னால் முதுகு மேடாக இருக்கிறது. உடம்பில் வட்டத்துக்குள் தேசியக் கொடியில் இருப்பது போல ஒரு சக்கரம். உடம்பு முழுக்க ஒரே வெளிர் நிறம். வால் அருகே "எச்.எஸ். 6" என்பது வரை படிக்க முடிகிறது. அதற்கு மேல் அப்பாவின் தோள் மறைத்துவிட்டது.

பெட்டியில் இருப்பதை அப்பாவின் விமானமாக மாற்ற முடியுமா? அந்த மறைந்த எண்ணைக் கண்டுபிடிக்க வழி உண்டா? என் கை லேசாக நடுங்கும். நானும் பேரனோடு உட்கார்ந்து செய்யலாமா?

பதில்: அம்மா, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிக்குள் உங்கள் அப்பாவின் விமானம் இல்லை. எவ்வளவு அறுத்து ஒட்டினாலும் அதை அதுவாக்க முடியாது. உங்கள் மகன் மேல் வருத்தப்படாதீர்கள். கடையில் "ஸ்பிட்ஃபயர்" என்று கேட்டால் பத்துக்கு எட்டு தடவை மார்க் 1தான் வரும். அந்தப் பெயரைச் சொன்னதும் உலகம் நினைப்பது 1940 கோடையில் இங்கிலாந்தின் வானில் ஜெர்மானியரோடு மோதிய விமானத்தைத்தான்.

ஸ்பிட்ஃபயர் ஒரு விமானத்தின் பெயர் என்பதைவிட ஒரு குடும்பத்தின் பெயர் என்பது சரி. 1936 மார்ச் 5 அன்று முதலாவது பறந்தபோது அதன் காற்றாடிக்கு இரண்டே இதழ், அதுவும் மரத்தில் செய்தது. வடிவமைத்த ஆர்.ஜே. மிட்செல் அடுத்த ஆண்டே 42 வயதில் புற்றுநோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அவருடைய குழுவினர் அதே உடம்பை இழுத்து, நீட்டி, வயிற்றுக்குள் பெரிய என்ஜினைத் திணித்துக்கொண்டே இருந்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். மார்க் 1 என்ஜின் மெர்லின், ஆயிரம் குதிரைத்திறனைச் சற்றே தாண்டியது. மார்க் 14 வந்தபோது அந்த இடத்தில் கிரிஃபன் என்ற அரக்கன், 36 லிட்டருக்கு மேல் கொள்ளளவு, இரண்டாயிரம் குதிரைத்திறனுக்கு மேல். அந்த வலுவைக் காற்றில் பிடித்துக்கொள்ள இதழ்கள் கூடிக்கொண்டே போயின. மார்க் 1-க்கு மூன்று, மார்க் 9-க்கு நான்கு, மார்க் 14-க்கு ஐந்து. நீங்கள் எண்ணிப் பார்த்த அந்த ஐந்தே போதும், பெட்டியை மூடி வைத்துவிட.

ஃபோட்டோவை இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாம். நீர்த்துளி மூடி, தாழ்ந்த முதுகு, ஐந்து இதழ். இவை மூன்றும் சேர்ந்தால் மார்க் 14-இன் பிற்கால வடிவம் அல்லது மார்க் 18. "எச்.எஸ்." என்பது இந்திய விமானப்படை தன் கணக்கில் எடுத்துக்கொண்ட ஸ்பிட்ஃபயர்களுக்கு இட்ட எண் வரிசை. அதில் 600-களில் வருபவை என்று எனக்குத் தெரிந்தவை மார்க் 18. ஆகவே மார்க் 18 என்பது என் கணிப்பு. அது 1945-இல் வந்தது, உலகப் போரில் கலந்துகொள்ள நேரம் கிடைக்காமல் போன பிள்ளை. வெளியே பார்த்தால் 14-உம் 18-உம் இரட்டையர். வித்தியாசமெல்லாம் உள்ளே: வலுவான இறக்கைச் சட்டம், உறுதியான சக்கரக் கால், பின்னுடம்பில் கூடுதல் எரிபொருள் தொட்டி. உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் இருட்டில் தடவிப் பார்த்தே எது எது என்று சொல்லியிருப்பார்.

வட்டத்துக்குள் சக்கரம் இருப்பது அழகான ஆதாரம். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம்தான் நம் விமானங்கள் அசோகச் சக்கரத்தை உடம்பில் தாங்கின. 1950-இல் குடியரசு ஆனதும் இப்போது நாம் பார்க்கும் மூவர்ண வட்டம் வந்துவிட்டது. ஆக, பென்சிலில் எழுதிய 1949-ஐ விமானமே சாட்சி சொல்லி உறுதி செய்கிறது. அதற்கு முந்தைய போர்க்காலத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்தவற்றின் வட்டத்தில் சிவப்பே இருக்காது. ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று நினைத்து நம்மவர்களே சுட்டுவிடக் கூடாதே என்று நடுவில் இருந்த சிவப்பை எடுத்துவிட்டு, நீலமும் வெளிர் நீலமுமாக வைத்துக்கொண்டார்கள். வரலாற்றைப் பெயிண்டில் படிப்பது என்று ஒன்று உண்டு. மாடல் செய்கிறவர்களுக்கு அதுதான் பாதி போதை.

"ஒரே வெளிர் நிறம்" என்கிறீர்கள். உருமறைப்புப் பூச்சாக இருந்தால் கறுப்பு வெள்ளையிலும் இரண்டு சாயல்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் வெள்ளிப் பூச்சு. ஒரு எச்சரிக்கை: பழைய ஃபிலிம்களில் சிலது சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். உங்கள் படத்தில் சக்கரம் நன்றாகக் கறுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கறுத்திருந்தால் ஃபிலிம் ஓரளவு உண்மை பேசுகிறது என்று நம்பலாம். இறக்கை நுனி தெரிந்தால் அதையும் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை வெற்றிலை போல வளைந்து முடியும். ஆனால் தாழப் பறப்பதற்காக நுனியை நறுக்கிவிட்டவையும் உண்டு.

அந்த விமானத்தைச் செய்ய வேண்டுமானால் 1/48 அளவில் எஃப்.ஆர். மார்க் 14 கிட் ஒன்று ஏர்ஃபிக்ஸிலேயே வந்திருக்கிறது. அதை வாங்குங்கள். ஆனால் இப்போதே வேண்டாம். கையில் இருக்கும் சின்னது முடிந்த பிறகு. முதல் தோசை எந்தக் கல்லிலும் சரியாக வராது. பேரனுக்கு அந்த முதல் தோசை இதுவாக இருக்கட்டும்.

இனி சேதத்தைக் கவனிப்போம்.

கண்புரைக்கு ஆபரேஷன் இருக்கிறது. ஃபெவிக்விக் காயும்போது அதிலிருந்து ஆவி எழும்பும். அது பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படியும். காற்றில் ஈரம் கூடக் கூட இன்னும் மோசம். மூடிக்குள் அடைபட்ட ஆவிக்கு வெளியே போக வழியில்லை, அதனால் உள்பக்கம்தான் அதிகம் வெளுத்திருக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒரு ஓரத்தில் தடவிப் பாருங்கள். அந்த இடம் தெளிந்தால் படலம் மேலோடு நிற்கிறது, பிளாஸ்டிக் கெடவில்லை என்று அர்த்தம். பிறகு மூடியை மெதுவாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் எண்ணெயைக் கழுவிவிட்டு, வெள்ளை டூத்பேஸ்டைக் காதுப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேயுங்கள். ஜெல் பேஸ்ட் வேண்டாம். பொறுமையாக ஒரு கால் மணி நேரம். கடைசியில் தெளிவான அக்ரிலிக் வார்னிஷில் ஒரு முக்கு முக்கி எடுத்து, டிஷ்யூ காகிதத்தின் ஓரத்தில் வடியவிட்டு, தூசி விழாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் திறந்து பார்க்கும்போது பேரனைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப ஒட்டுவதற்கு எதைத் தேடியும் அலைய வேண்டாம். ஃபெவிகால். பள்ளிக்கூடத்தில் நீங்கள் சார்ட் ஒட்டிய அதே வெள்ளை ஃபெவிகால்தான். ஆவி கிடையாது, காய்ந்தால் கண்ணாடி போல ஆகிவிடும், தப்பாக வைத்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். பல் குச்சி நுனியில் கடுகளவு போதும். வெளிநாட்டிலிருந்து தனிக் கோந்து வரவழைத்துக் கண்ணாடி ஒட்டும் நண்பர்களிடம் நான் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தொங்கும் இறக்கையைப் பிரிக்கவும் வீட்டிலேயே ஆயுதம் இருக்கிறது. மூடியைக் கழற்றிய பிறகு விமானத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வையுங்கள். குளிரில் ஃபெவிக்விக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். காலையில் எடுத்த கையோடு இறக்கையின் அடியைப் பிடித்து மெதுவாக முறுக்கினால் 'டக்'கென்று விடும். விடாவிட்டால் பலம் காட்டாதீர்கள், இன்னொரு ராத்திரி. ஃபெவிக்விக்கை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் தடவலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் கோந்தோடு சேர்த்து விமானத்தையும் கரைத்துவிடும். கிட் செய்திருப்பது பாலிஸ்டைரின். அசிட்டோன் அதற்கு எமன்.

அந்தக் கரைக்கும் குணத்தைத்தான் மாடல் செய்பவர்கள் நல்ல வழியில் பயன்படுத்துகிறோம். பெட்டியோடு வந்த குழாய்க் கோந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூடியிலேயே பிரஷ் வைத்த, தண்ணீர் போன்ற பிளாஸ்டிக் சிமெண்ட் ஒரு பாட்டில் வாங்குங்கள். இரண்டு பாகங்களையும் முதலில் சேர்த்துப் பிடிக்க வேண்டும், பிறகுதான் சிமெண்ட். பிரஷ் நுனியால் இணைப்பைத் தொட்டால் திரவம் தானே இடுக்குக்குள் ஓடும். இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கும் இளகி ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒட்டுவது என்பதைவிடப் பற்றவைப்பது என்பதுதான் பொருத்தம். நெடி உண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை. பிளேடுக்கும் அப்படித்தான்.

சிமெண்ட் தொடுவதற்கு முன்னால் இறக்கையை வெறுமனே பொருத்திப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் தரைக்கு இணையாக நீளாது, நுனியை நோக்கி ஆறு டிகிரி மேலே ஏறும். நீங்கள் கணக்கு டீச்சர், டான் 6-ஐப் போட்டுப் பாருங்கள்: முழு அகலம் 11.23 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 15.6 செ.மீ., அதில் பாதி 7.8. நுனி ஏறக்குறைய 8 மி.மீ. உயர வேண்டும். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு விமானத்தின் முதுகு மேலாக மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டினால் இரண்டு இறக்கையும் வில் போல மேலெழும்பும். உடம்போடு சேருமிடத்து விரிசலும் அதிலேயே மூடிக்கொள்ளும். அந்த நிலையில் சிமெண்டைத் தொட்டுவிட்டு மறுநாள் வரை கை வைக்காதீர்கள். மீறி மயிரிழை விரிசல் நின்றால் புட்டி. காய்ந்ததும் நைஸான உப்புத்தாள், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது.

72 ஏன் என்று கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடும் அளவு அது. 1930-களில் இங்கிலாந்தில் மரத்தில் மாடல் செய்தவர்கள் பிடித்த கணக்கு, பிளாஸ்டிக் வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு வேடிக்கையும் உண்டு. உங்கள் கிட்டின் மேல் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள் இருக்கும். அந்தக் கோடு 0.2 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் நிஜ விமானத்தில் 14 மி.மீ. வாய்க்கால்! அப்படி ஒரு விமானத்தில் மழைத்தண்ணீர் ஓடும். ஆனால் அந்தக் கோடு இல்லாவிட்டால் நம் கண் அதை விமானம் என்று நம்ப மாட்டேன் என்கிறது. பெயிண்ட் அடித்த பிறகு கோட்டுக்குள் கறுப்பு மையை நிரப்பி இன்னும் அழுத்திக் காட்டும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. கண்ணுக்கு மை தீட்டியதெல்லாம் போதாதென்று முகம் முழுக்கத் தீட்டியது போல இருக்கும்.

பெட்டியின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், "மேட் இன் இந்தியா" என்று இருந்தாலும் இருக்கும். போருக்குப் பிறகு சீப்பு செய்து விற்றுப் பிழைத்த ஆங்கிலக் கம்பெனி ஏர்ஃபிக்ஸ். தொடங்கியவர் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிய அகதி. 1950-களில் அவர்கள் போட்ட முதல் ஸ்பிட்ஃபயர் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கிட்டைப் பார்த்து அடித்தது, அளவும் சரியில்லை, எழுத்தும் சரியில்லை. அந்தக் கம்பெனியின் புது கிட்கள் பலவும் இந்த நூற்றாண்டில் நம் நாட்டில் வார்க்கப்பட்டுக் கப்பலேறின. ஸ்பிட்ஃபயர் இந்தியாவுக்கு வந்ததும் இந்தியாவிலிருந்து போனதும் இப்படி இரண்டு கதை.

சரி, இந்தச் சின்ன மார்க் 1-ஐ எந்த விமானமாக முடிப்பது? பெட்டியில் என்ன ஸ்டிக்கர் கொடுத்திருக்கிறார்களோ அதையே ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் காரைக்குடிக்காரர்களுக்கு நான் வேறொன்று சொல்வேன். போரின்போது மதராஸ் மாகாணத்தில் பெரும் போர் நிதி திரட்டினார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று விலை வைத்து, ஊர்கள், சமஸ்தானங்கள், கம்பெனிகள் எல்லாரிடமும் பிரிட்டிஷ் அரசு பணம் வாங்கிக்கொண்டிருந்த காலம். நம் பக்கத்து நிதிக்கு நன்றியாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு "மதராஸ் பிரெசிடென்சி" என்பது சேர்ந்தது: 79, 234, 264. அவற்றில் 1940-இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 ஓட்டியது 234. அந்தக் கோடையில் இங்கிலாந்தின் தெற்கே மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்து சண்டையிட்டார்கள். அவர்களுடைய சின்னம் நெருப்பு கக்கும் டிராகன், லத்தீன் வாசகத்துக்கு "நெருப்பையும் சாவையும் உமிழ்கிறோம்" என்று பொருள். விமானத்தின் பெயரையே வாசகமாக்கிவிட்டார்கள். நம் தாத்தாக்கள் விரும்பிக் கொடுத்தது எவ்வளவு, கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தது எவ்வளவு என்பது வேறு பஞ்சாயத்து. உடம்பில் எழுத வேண்டிய குறி "ஏ இசட்", சாம்பல் நிற எழுத்து. எழுத்துகள் மட்டும் கொண்ட ஸ்டிக்கர் தாள்கள் தனியாகக் கிடைக்கின்றன.

நிறம்: மேலே மண் பழுப்பும் கரும்பச்சையும் வளைந்து வளைந்து, அடியில் வாத்து முட்டை போன்ற வெளிர் பச்சை. பிரஷ்ஷால் அடிப்பதானால் பெயிண்டை ஆடை எடுத்த பால் பதத்துக்கு இளக்கி, மூன்று நான்கு தடவை மெல்லிசாக. ஒரே தடவையில் அப்பினால் கோலமாவு திட்டாக நிற்பது போல நிற்கும். வாசனை பலமாக வரும் லாக்கர் வகை ஸ்ப்ரே எதையும் மழைக்காலத்தில் தொடாதீர்கள். நான் தொட்டேன். ஒரு ஐப்பசி மாத அடைமழையில், மேற்கு மாம்பலத்து வீட்டு மொட்டை மாடி ஷெட்டில், இரண்டு மாதம் உழைத்து முடித்த ஹரிகேன் விமான மாடலுக்குக் கடைசி வார்னிஷ் அடித்தேன். பத்தே நிமிஷத்தில் விமானம் விபூதி பூசிக்கொண்டு நிற்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். ஈரக் காற்றிலிருக்கும் நீர் அதில் வந்து படிந்து, காயாத வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பதும் இதுவும் ஒன்றுதான். வெயில் வந்த பிறகு மேலே வெறும் தின்னரை மட்டும் லேசாகத் தூவியதில் பாதி சரியானது. மீதிப் பாதியைப் பூசியபடியே அலமாரியில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் "இமயமலைப் பனி" என்று சொல்லிக்கொள்வேன்.

ஸ்டிக்கர் என்று நாம் சொல்லும் டீகாலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தாளிலிருந்து வழுக்கி இறக்குவார்கள். சொரசொரப்பான பெயிண்ட் மேல் இறக்கினால் அடியில் காற்று சிக்கிக்கொண்டு, ஓரங்கள் வெள்ளி மாதிரி பளபளக்கும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டீகால், எல்லாம் காய்ந்த பிறகு மங்கல் வார்னிஷ். ஒரே ஒரு இடம் மட்டும் பேரனை ரசித்துச் செய்யச் சொல்லுங்கள். இறக்கையின் முன் விளிம்பில் எட்டு இடத்தில் சிவப்புச் சதுரங்கள் இருக்கும். அவை எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் வாய்கள், துணி ஒட்டி மூடியவை. உயரத்தில் குளிரில் துப்பாக்கி உறையாமலும் தூசி புகாமலும் இருக்க. முதல் குண்டே துணியைக் கிழித்துக்கொண்டு போய்விடும். தரை இறங்கும் விமானத்தின் சிவப்புத் துணி கிழிந்திருந்தால், விமானி வாய் திறப்பதற்கு முன்பே தரையில் நிற்கும் ஃபிட்டருக்குத் தெரிந்துவிடும், மேலே சண்டை நடந்தது என்று.

உங்கள் கை நடுக்கத்துக்கு: இரண்டு மணிக்கட்டையும் மேஜை விளிம்பில் ஊன்றி, சுண்டு விரல்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் இருக்கும், ஆனால் இரண்டு கையும் சேர்ந்தே நடுங்கும். பிரஷ்ஷுக்கும் பாகத்துக்கும் நடுவே தூரம் மாறாது. பொற்கொல்லர்கள் உட்காரும் முறை இது. சக்கரம், காற்றாடி போன்ற பொடிப் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே வண்ணம் அடித்துவிடுங்கள், பிடித்துக்கொள்ள அந்தச் சட்டமே கைப்பிடி.

காற்றாடி பற்றி ஒன்று, பெரிய கிட் வாங்கும்போது நினைவு வைத்துக்கொள்ளுங்கள். விமானி பார்வையில் மெர்லின் வலம் சுற்றும், கிரிஃபன் இடம் சுற்றும். அதனால் இதழ்களின் சரிவு இரண்டுக்கும் நேர் எதிர். மெர்லினில் பழகிய விமானிகள் கிரிஃபனை முதல் தடவை ஓட்டும்போது, ஓடுபாதையில் விமானம் இடப்பக்கம் இழுக்கும் என்று காலைத் தயாராக வைத்திருக்க, அது வலப்பக்கம் இழுத்ததாம். மாடலில் இதழைத் திருப்பி ஒட்டினால் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் உங்கள் அப்பா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார்.

கடைசியாக அந்த எண். எச்.எஸ். 6 என்று தொடங்கும் விமானங்கள் பல. அவற்றில் ஏதாவது ஒன்றைப் பொறுக்கி, "இதுதான்" என்று என்னால் எழுதித் தர முடியும். உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். நான் செய்ய மாட்டேன். நெகட்டிவ் கிடைத்தால் நல்ல ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், தோளுக்கு மேலே ஒரு எண்ணின் தலையாவது தெரியலாம். அவருடைய சர்வீஸ் புத்தகம் பெட்டியில் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் மாடல் நிற்காது.

1/48 அளவில் அந்த விமானத்தின் நீளம் ஏறக்குறைய 21 செ.மீ. வரும். அப்பாவின் உயரம் எவ்வளவு? ஐந்தரை அடி என்றால் மூன்றரை செ.மீ. அந்த அளவில் தரைப் பணியாளர் பொம்மைகள் விற்கிறார்கள். கைகட்டி நிற்பது கிடைக்காவிட்டால் வேறொன்றை வாங்கிக் கையை முழங்கையில் வெட்டி மடக்கி ஒட்டிக்கொள்ளலாம், அதைப் பேரன் செய்வான். எச்.எஸ்., அதையடுத்து 6, அது வரை விமானத்தில் எழுதுங்கள். மிச்சத்தை எழுத வேண்டாம். ஃபோட்டோ எடுத்தவர் நின்ற கோணத்தில் கண்ணை வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் அவரை நிறுத்திவிடுங்கள்.